பழைய ஸ்பிரிங் ஏர் ரைபிள்: புது ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய பொருட்கள் ஏலத்தில் 0.22 அங்குலக் குழல் அளவுள்ள 'ஒரிஜினல் 27' ஏர் ரைபிள் ஒன்றை வாங்கினேன். பூட்டுத் துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் குழலுக்குள் அடித்துச் சுட்டுப் பார்த்தபோது முதல் சில குண்டுகள் பட்டாசு போல வெடித்துப் புகை கக்கின. பிறகு வேகம் படுத்துவிட்டது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப்பில் நொடிக்கு 171 மீட்டரிலிருந்து 118 மீட்டர் வரை கண்டபடி காட்டுகிறது. சுடும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று அதிர்கிறது. வலுவான ஸ்பிரிங் போட்டு, தேய்ந்த கருநீல மெருகையும் புதிதாக ஏற்றிவிடலாமா?"

இரண்டையுமே இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல, உள்ளே காற்றுக் கசியாமல் தடுக்கும் உலர்ந்துபோன தோலையும் அதன்மேல் அடித்த தவறான எண்ணெயையுமே.

உங்கள் கையில் இருப்பது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பழுதுபார்க்கும் முறையை அதுவே தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் இயங்கிய மேயர் அண்ட் கிராமெல்ஸ்பாக்கர் நிறுவனத்தின் டயானா 27தான் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டயானா என்ற வணிகப் பெயரும் இயந்திரங்களும் இழப்பீடாக ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்திடம் போய்விட்டதால், ஜெர்மானியர்கள் தங்கள் சொந்தத் துப்பாக்கியையே பிரிட்டனில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. பெயர் அவர்களிடம் திரும்பியது 1980களில்தான். அதே ரைபிள் அமெரிக்காவில் வின்செஸ்டர் 427 என்றும் ஹை-ஸ்கோர் 807 என்றும் விற்கப்பட்டது. ஆகவே உதிரிபாகம் தேடும்போது இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் தேடுங்கள். பிஸ்டன் இருக்கும் காற்றறைக் குழாயின் பின்முனையருகே சிறிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். '03 74' என்றிருந்தால் அது 1974 மார்ச்சில் செய்யப்பட்டது என்று பொருள். சேகரிப்பாளருக்கு அந்த நான்கு எண்கள் பிறப்புச் சான்றிதழ் போன்றவை.

இப்போது உங்கள் குரோனோகிராப் எண்களுக்கு வருவோம். 14.5 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 0.94 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 9.2 ஜூல், பிரிட்டனில் வழங்கும் அளவில் 6.8 அடி-பவுண்டு. நல்ல நிலையில் உள்ள 27 ஒன்றிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏறக்குறைய இவ்வளவே. நீங்கள் கண்ட 171 மீட்டர் இந்தத் துப்பாக்கியின் வலிமை அன்று. அது எரிந்த எண்ணெயின் வலிமை. சுடும்போது ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ள, குண்டைச் செலுத்தும் காற்றறைக் காற்று நொடியின் நூறில் ஒரு பங்கை ஒட்டிய நேரத்தில் நசுக்கப்படுவதால் அது கடுமையாகச் சூடேறுகிறது. அங்கே எளிதில் ஆவியாகும் ஸ்பிரே இருந்தால், டீசல் என்ஜினுக்குள் நடப்பது போலவே அது அந்தச் சூட்டில் தானாகப் பற்றி வெடிக்கிறது. அந்த வெடிப்பு பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் பின்னோக்கி அறைகிறது. முதல் நாள் உங்களை மகிழ்வித்த அந்த 171, ஸ்பிரிங்கின் ஆயுளிலிருந்து கழிக்கப்பட்ட தொகை என்று கொள்ளுங்கள். மறுபக்கத்தில் 118 மீட்டர் என்பது காற்று எங்கோ கசிவதைக் காட்டுகிறது.

எங்கே கசியலாம் என்பதற்கு, சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் விடை தெரியும். பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் கை வலிக்க அடித்தும் டியூபில் காற்று ஏறாது. வாஷரை எண்ணெயில் ஊறவைத்து விரித்துவிட்டால் அதே பம்ப் மீண்டும் உயிர்பெறும். 27-இன் பிஸ்டன் தலையிலும் கிண்ண வடிவில் அதே தோல் வாஷர்தான் இருக்கிறது. குழல் மடங்கும் இணைப்பிலும் காற்று கசியாமலிருக்க ஒரு சிறிய தோல் வளையம் உண்டு. நம் வீடுகளில் பம்ப் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் இடுவது வழக்கம். லெஸ்டரில் அதைச் செய்துவிடாதீர்கள். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், உங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கும் கீழேதான். புதிய ரைபிள்களில் காற்றுக் கசிவைத் தடுக்கும் செயற்கை சீல்களுக்கென விற்கப்படும் சிலிக்கோன் எண்ணெயும் தோலுக்குப் பொருந்தாது. தோல் பதப்படுத்தப் பயன்படும் மாட்டுக்கால் எண்ணெய், அல்லது டிடர்ஜெண்ட் சேராத 30 கிரேடு இயந்திர எண்ணெய் போதும்.

முதலில் ஸ்பிரே முழுவதும் ஆவியாவதற்காக, ஸ்பிரிங் ஏறாத அளவுக்கு மட்டும் குழலை மடக்கித் திறந்த நிலையில் சில நாள் வைத்திருங்கள். பிறகு குழல் மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தி, ஸ்பிரிங்கை ஏற்றாமல், காற்றறையின் முகப்பில் உள்ள சிறு துளை வழியாக நான்கைந்து சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுவதும் அப்படியே விடுங்கள்; எண்ணெய் தானாக இறங்கித் தோலில் ஊறும். இணைப்பு வளையத்திலும் ஒரு சொட்டு தடவுங்கள். மறுநாள் இருபது, முப்பது குண்டுகள் சுட்டால் மிகையான எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும். இலேசான புகை சில நாள் தொடர்வது தோல் சீலுக்கு இயல்பு. அதன்பின் பத்துக் குண்டுகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்துச் சுடும்போது அது துள்ளிப் பறந்தால், கசிவது பிஸ்டன் அல்ல, அந்த வளையமே. அதை மாற்றச் செலவும் குறைவு, பத்து நிமிட வேலை. எக்காரணம் கொண்டும் குண்டில்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் தடையில்லாத பிஸ்டன் நேராகக் காற்றறையின் முன்சுவரில் போய் மோதும்.

இவ்வளவுக்கும் பிறகு வேகம் ஒரு நிலைக்கு வராவிட்டால் மட்டுமே துப்பாக்கியைத் திறக்க வேண்டும். மரப்பகுதியின் முன்புறம் இருமருங்கிலும் உள்ள திருகுகளையும் டிரிகர் காப்பின் திருகையும் கழற்றினால் இரும்புப் பகுதி தனியே வந்துவிடும். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள். சிதைந்த திருகுத் தலைகளைப் பார்த்தவுடனேயே சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார், அவர் குறைப்பதில் நியாயமும் உண்டு. டிரிகர் தொகுதியைக் குறுக்கே இரண்டு ஊசிகள் பிடித்திருக்கின்றன, அதற்குப் பின்னால் ஸ்பிரிங் அழுந்திய நிலையில் காத்திருக்கிறது. ஆகவே ஸ்பிரிங் அழுத்தும் கருவியில் பொருத்தி, அழுத்தத்தை அது தாங்கிக்கொண்ட பிறகே ஊசிகளைத் தட்ட வேண்டும். முழங்காலுக்கு இடையே வைத்துக் கழற்றலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பிஸ்டனின் தண்டைப் பிடித்து நிறுத்துவது மூன்று எஃகு உருண்டைகள். கழற்றும்போது அவை உருண்டோடாமலிருக்க ஒரு தட்டைக் கீழே வையுங்கள். திரும்பப் பூட்டும்போது கிரீஸில் ஒட்டவைத்தால் இடத்தில் நிற்கும். அக்கால ஜெர்மன் டிரிகர்களில் இந்த உருண்டை அமைப்பின் மென்மைக்கு ஈடு சொல்வது கடினம், அதனால் அதைத் தீட்டி மேம்படுத்தும் ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

வெளியே வந்த ஸ்பிரிங்கைக் கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடாமல் உருண்டால் அது நேராக இருக்கிறது. பழைய ஸ்பிரிங் சற்றுக் குறுகியிருப்பது குற்றமன்று. வளைந்தோ ஒடிந்தோ இருந்தால் அதே அளவில், அதே கம்பித் தடிமனில் மாற்றுங்கள். 'டொய்ங்' என்ற ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் வலிமைக் குறைவு அல்ல; ஸ்பிரிங்கினுள் செல்லும் வழிகாட்டித் தண்டு தளர்வாக இருப்பதால் சுருள்கள் அதன்மீது அடித்து அதிர்கின்றன. இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் வழிகாட்டி ஒன்றைக் கடைந்து வாங்கினால் ஓசை அடங்கிவிடும். ஸ்பிரிங்கின் முனைகளைச் சமமாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். காற்றறைக் குழாயில் நெம்புகோல் ஓடும் பிளவின் ஓரங்களை விரலால் தடவினால் பிசிறு தட்டுப்படக்கூடும். அதை நுண்ணிய சாணைக்கல்லால் மழுக்காவிட்டால், புதுத் தோல் உள்ளே நுழையும்போதே கிழிபடும். பிஸ்டனின் பின்பகுதியிலும் வழிகாட்டியிலும் மாலிப்டினம் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் பூசுங்கள். சுருள்களுக்கென விற்கும் தார் போன்ற கெட்டி கிரீஸும் அப்படித்தான். அள்ளிப் பூசினால் ஓசையோடு வேகமும் சேர்ந்து அடங்கிவிடும், குளிர்காலத்தில் இன்னும் மோசம். தோலுக்கு முன்னால் கிரீஸ் ஒரு துளியும் போகக்கூடாது.

வலுவான ஸ்பிரிங்கைப் பற்றி: இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே மாதிரியில் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஏற்றுவதற்குக் கை வலித்தது, உதைப்பு இரட்டிப்பானது போலத் தோன்றியது, கூடுதலாகக் கிடைத்த வேகம் சில மீட்டர்தான். 20 மீட்டர் தூரத்தில் ஒரு நாணயத்துக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் ஒரு தேநீர்த் தட்டு அளவுக்குச் சிதறின. காரணம் எளியது. பிஸ்டன் தள்ளக்கூடிய காற்றின் கொள்ளளவு மாறவில்லை. அந்தச் சிறிய அறைக்கு அதிகமான விசை, பிஸ்டனை முனையில் மோதவோ காற்றுமெத்தையில் பட்டுத் துள்ளவோ வைக்கிறது. ஒரு வாரத்தில் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். அதை எறிந்துவிடாமல் வைத்திருந்தது என் நல்வினை.

கருநீல மெருகின் விஷயத்தில் என் கருத்து இன்னும் கண்டிப்பானது. ஐம்பது ஆண்டுப் பயன்பாட்டில் கை படும் இடங்களில் வெளுத்த எஃகு, புதிதாகச் சாயமேற்றிய எஃகைவிடச் சேகரிப்பாளரிடம் கூடுதல் விலைக்குப் போகும். மெருகேற்றும்போது எழுத்துப் பொறிப்புகளின் ஓரங்கள் மழுங்கினால் அவை திரும்ப வருவதில்லை. செந்துரு உள்ள இடத்தில் மட்டும் எண்ணெய் விட்டு, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் போதும். மரத்துக்கு ஈரத்துணியும் மெழுகும். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் பையிலிட்டுப் பெயரெழுதி, துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஏர் ரைபிளுக்கான எல்லை 12 அடி-பவுண்டு. அதைத் தாண்டினால் அது உரிமம் தேவைப்படும் துப்பாக்கியாகிவிடும், 'டியூன் செய்தபோது தவறிவிட்டது' என்பது வாதமாகாது. 18 வயதுக்குட்பட்டோர் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பதும் உங்கள் பொறுப்பு. ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோவதானால் நிலைமை வேறு. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே ஏர் ரைபிளுக்கே சான்றிதழ் வேண்டும். ஊருக்குப் போகும்போது தம்பிக்குப் பரிசாகச் சென்னைக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள்: இந்திய ஆயுத விதிகளின் கீழ் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலுக்கு உரிமம் வேண்டும், உங்களுடையது 5.5.

எல்லாம் பூட்டி முடித்த பின், ஸ்பிரிங்கை ஏற்றிக் குண்டைச் செருகும்போது மறு கையால் குழலை விடாமல் பிடித்திருங்கள். பிடிப்பு நழுவினால் குழல் விரல்களை நசுக்கும். சுடும்போது ரைபிளை இறுகப் பற்றாமல் முன்பகுதியைத் திறந்த உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விட்டால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். இருநூறு குண்டுகளுக்குப் பிறகு மரப்பகுதித் திருகுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, மீண்டும் பத்துக் குண்டுகளின் வேகத்தைக் குறியுங்கள். முதல் பட்டியலோடு அதையும் அனுப்பினால், வளையத்தை மாற்றுவதா பிஸ்டன் தோலை மாற்றுவதா என்பதைச் சொல்கிறேன்.