மியான்மர் ராணுவம் உலக நாடுகளின் அழுத்தத்துக்கு ஏன் பணியவில்லை?
2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இத்தனை தடை போட்டும் ஏன் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பணமும் விமான எரிபொருளும் நின்றால்தான் அவர்களுக்கு உறைக்கும்.

2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியின் பாசிஜீ கிராமத்தில் ஓர் அலுவலகத் திறப்புக்காக மக்கள் கூடியிருந்தார்கள். போர் விமானம் குண்டு போட்டது. அப்புறம் ஹெலிகாப்டர் வந்து சுட்டது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விமானத்துக்கு எரிபொருள் யாரோ விற்றதுதானே?

ராணுவத்துக்கு டாலர் கொட்டும் அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் தடை போட்டது. அமெரிக்கா 2023 அக்டோபரில்தான் அறிவித்தது, அதுவும் நிதிச் சேவைகளுக்கு மட்டும்.

சரி, ஐநா? பாதுகாப்பு சபையின் 2022 டிசம்பர் தீர்மானத்தில் ஆயுதத் தடையே இல்லை. ஆயுதம் விற்கும் ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் அங்கே வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், இருக்கிறது.