வாசகர் கேள்வி – பதில்: இடைக்கால ஐரோப்பாவைப் படிப்பது எப்படி?

கேள்வி: நிலமானிய முறை பாடத்தில் உச்சியில் அரசர், அடுத்து பிரபுக்கள், வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள் என்று பிரமிடு படம் போட்டிருக்கிறார்கள். அதை வரைந்தால் போதுமா?

பதில்: தொடங்குவதற்குப் போதும். ஆனால் அதை அப்படியே நம்பினால் அடுத்த பாடமே புரியாது. 1154-ல் இங்கிலாந்தின் அரசரான இரண்டாம் ஹென்றி, நார்மண்டிக்கும் அக்விடேனுக்கும் கோமகனும்கூட. அந்த நிலங்களைப் பொறுத்தவரை அவர் பிரெஞ்சு அரசருக்குக் கட்டுப்பட்டவர். பிரமிடில் அவரை எங்கே வைப்பீர்கள்? அவருடைய மகன் ஜான் 1202-ல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பின் மன்றத்துக்கு வராததால் பிரான்சிலிருந்த அவருடைய நிலங்கள் பறிமுதல் என்று தீர்ப்பானது. 1204-ல் நார்மண்டி கைநழுவியது. அதை மீட்க ஜான் போட்ட வரிகளும், 1214-ல் பூவீன் போரில் அவருடைய கூட்டணி தோற்றதும் சேர்ந்துதான் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-ன் மேக்னா கார்ட்டா சாசனத்தில் கொண்டுபோய் விட்டன.

ஆகவே பிரமிடுக்குப் பதில் அம்புக்குறி போடுங்கள். மேலிருந்து கீழே நிலமும் பாதுகாப்பும் வருகின்றன. கீழிருந்து மேலே போர்ச் சேவை (வழக்கத்தில் ஆண்டுக்கு 40 நாள்), உழைப்பு, தானியம் போகின்றன. நிலம் வைத்திருந்த மடாலயங்களையும் நகரத்து வணிகர்களையும் கைவினைஞர்களையும் பக்கத்தில் தனியாக வரையுங்கள். பிரமிடில் இவர்களுக்கு இடமே இல்லை.

கேள்வி: வகுப்பில் மூன்று வயல் முறையைச் செய்துகாட்ட விரும்புகிறேன். எப்படிச் செய்யலாம்?

பதில்: மிக நல்ல எண்ணம். இந்தப் பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பெரிய தாளில் மூன்று வயல்களை வரையுங்கள். முதலாவதில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை அல்லது ரை என்ற தானியம். இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், பட்டாணி. மூன்றாவது தரிசு, அதில் மாடுகள் மேய்ந்து எரு போடும். ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பயிர்முறையை ஒரு வயல் தள்ளி மாற்றுங்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். ஒரு குடும்பத்தின் நிலத்தை ஒரே கட்டமாக வரைந்துவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, மூன்று வயல்களிலும் நீண்ட, குறுகிய துண்டுகளாகச் சிதறிப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் நல்ல மண்ணும் ஈரம் தேங்கும் மண்ணும் எல்லோருக்கும் பங்காகும். துண்டு நீளமாக இருந்ததற்கும் காரணம் உண்டு: கனமான கலப்பையில் எட்டு எருதுகள்வரை பூட்டுவார்கள், அதை அடிக்கடி திருப்ப முடியாது. எட்டு எருது ஒரு குடும்பத்திடம் இருப்பதும் அரிது. ஊரார் சேர்ந்தே உழுதார்கள். இங்கிலாந்தின் ஏக்கர் 220 கஜ நீளமும் 22 கஜ அகலமும் கொண்ட துண்டாக அமைந்தது.

பிறகு கணக்கு. 30 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 ஏக்கரில் கோதுமை. ஏக்கருக்கு 2 புஷல் (தானியத்தை அளக்கும் ஓர் அளவு) விதை, விதைத்ததைப் போல நான்கு மடங்கு விளைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்துக்கு அது மோசமில்லாத மகசூல். மொத்தம் 80 புஷல். திருச்சபைக்குத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) 8, அடுத்த ஆண்டு விதைக்கு 20. மிச்சம் 52.

இப்போது விளைச்சலைப் பாதியாக்குங்கள்: 40 புஷல். தசமபாகம் 4 போகும். விதைக்கு எடுத்துவைக்க வேண்டியது அதே 20. மிச்சம் 16. விளைச்சல் பாதியானால் உணவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது! 1315-ல் தொடங்கிய அடைமழை 1317 வரை பெரும்பஞ்சமாக நீண்டதன் காரணம் இந்தக் கழித்தலில் இருக்கிறது. பசியில் விதையைத் தின்றவர்களுக்கு அடுத்த ஆண்டு விதைக்க எதுவும் இல்லை.

பிரபுவுக்குப் போனதைத் தானியத்தில் மட்டும் தேடாதீர்கள். பல பண்ணைகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அவருடைய சொந்த நிலத்தில் உழைக்க வேண்டும். அறுவடையில் கூடுதல் நாள்கள், அவருடைய ஆலையில் மாவு அரைக்கக் கட்டணம், குடும்பத் தலைவர் இறந்தால் சிறந்த கால்நடை என்று பட்டியல் நீளும்.

கேள்வி: “இடைக்காலத்தில் பூமி தட்டை என்று நம்பினார்கள், சூனியக்காரிகளைக் கூட்டம் கூட்டமாக எரித்தார்கள்” என்று என் மகள் கட்டுரையில் எழுதியிருக்கிறாள். சரியா?

பதில்: இரண்டையும் திருத்தச் சொல்லுங்கள். பூமி கோளம் என்பதைப் பல்கலைக்கழகங்களில் பாடமாகவே நடத்தினார்கள். சூனிய வேட்டை உச்சத்துக்குப் போனது 16, 17-ம் நூற்றாண்டுகளில். அது இடைக்காலம் முடிந்த பிறகு.

கேள்வி: கறுப்பு மரணம் பண்ணையடிமை முறையை ஒழித்தது என்று தேர்வில் எழுதலாமா?

பதில்: அந்த ஒற்றை வரியாக எழுதினால் தவறு. 1347-ல் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்கு வந்த கொள்ளைநோய், 1351-க்குள் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை பலிகொண்டது. உழைக்க ஆளில்லாததால் கூலி ஏறியது. இங்கிலாந்தில் 1349-ல் அரசாணையும் 1351-ல் சட்டமும் போட்டு, கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். அந்தக் கசப்போடு தலைவரியும் (ஆளுக்கு இவ்வளவு என்று போடும் வரி) சேர்ந்து 1381-ல் உழவர் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியை ஒடுக்கிவிட்டார்கள், ஆனாலும் அடுத்த நூற்றாண்டில் அங்கே பண்ணையடிமை முறை படிப்படியாகத் தேய்ந்தது. ஜெர்மனி வழியாக ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே நடந்தது வேறு: பின்வந்த நூற்றாண்டுகளில் உழவர்கள் மேல் பிடி இறுகியது. எனவே விடையில் எந்தப் பகுதி, எந்தக் காலம் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிட்டு, ஆள் பற்றாக்குறை, கூலிச் சட்டம், கிளர்ச்சி என்ற வரிசையில் எழுதுங்கள்.