டிரஸ்ட்டை ரத்து செய்யும் உரிமையை விட்டுவிடலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வயது 68, கணவர் இல்லை. இளைய மகன் ஓகேயு (மாற்றுத்திறனாளி); பணம், பத்திரம் எதுவும் அவனுக்குப் புரியாது. ஒரு டிரஸ்ட் நிறுவனத்தின் பெயருக்குக் கடைவீட்டையும் சேமிப்பையும் மாற்றி, அவனுக்காக டிரஸ்ட் வைத்திருக்கிறேன். அவன் காலத்துக்குப் பிறகு மூத்தவனுக்கு. ரத்து செய்யும் உரிமை என்னிடம் உண்டு. வியாபாரத்துக்குப் பணம் வேண்டும், ரத்து செய்யுங்கள் என்கிறான் மூத்தவன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த உரிமையையே விட்டுவிட்டால் நிம்மதி. நிறுவனமும் அதற்கு ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? மூத்தவனின் வங்கிக் கடனுக்கு நான்தான் கேரண்டர்.

பதில்: டீச்சர், அந்தத் தாளை அப்படியே ஓரமாக வையுங்கள். உரிமையை விடுவதற்குத் தடை ஒன்றுமில்லை. பத்திரத்தில் எழுதி வைத்ததால்தான் அது உங்களிடம் இருக்கிறது. எழுதாமல் இருந்திருந்தால், சொத்து டிரஸ்டியான அந்த நிறுவனத்தின் பெயருக்கு மாறிய அன்றே திரும்பப் பெறும் வழி போயிருக்கும். ஆனால் விட்டது விட்டதுதான். வற்புறுத்தலோ பெரிய தவறான புரிதலோ நிரூபணமானால் ஒழிய, நீதிமன்றம் அதைத் திருப்பித் தராது. பயனாளிகள் எல்லாரும் வயது வந்தவர்களாக இருந்து ஒருமனதாகச் சம்மதித்தால் டிரஸ்ட்டைக் கலைக்கலாம் என்பது பொது விதி. இளையவனால் அப்படிச் சம்மதம் தர முடியாது. ஆக, பிறகு எது மாறினாலும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அப்புறம், ரத்து செய்யும் பிரிவை மட்டும் பார்த்தால் போதாது. பயனாளிகளை மாற்றும் உரிமையும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "ரத்து வேண்டாம்மா, என் பேரை முதல்ல போடுங்க" என்பான் மூத்தவன். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். அதையும் சேர்த்து விட வேண்டும். ஆனால் டிரஸ்டியை மாற்றும் உரிமையை மட்டும் விடவே விடாதீர்கள். நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் வருகிறது. அவர்கள் தயாரித்த தாள் அவர்களுக்கு வசதியாகத்தான் இருக்கும். உங்களுக்கே நாளைக்குப் பராமரிப்பு ஆள் வைக்க வேண்டி வந்தால் டிரஸ்ட் பணத்தை எடுக்க முடியுமா? முடியாதென்றால் முதலில் அந்தப் பிரிவைச் சேர்க்க வேண்டும். திருத்தும் உரிமை போன பிறகு சேர்க்க முடியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது, நீங்கள் கடைசியில் சொன்ன கேரண்டர் விஷயம். 2011-இல் கேமன் தீவு வழக்கு ஒன்றில் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், ரத்து செய்யும் உரிமை கிட்டத்தட்ட சொத்துரிமைக்குச் சமம் என்று சொல்லி, கடன் கொடுத்தவருக்காக அந்த உரிமையை ரிசீவர்களிடம் (சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்கள்) ஒப்படைக்க வைத்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வங்கியின் வழக்கறிஞர் கையில் அது இருக்கும். அந்த வகையில், உரிமையை விடுவது இளையவனுக்குப் பாதுகாப்புதான். ஆனால் எப்போது விடுகிறீர்கள் என்பது முக்கியம். 1967 திவால் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, சொத்தை இப்படி எழுதி வைத்த 5 ஆண்டுக்குள் ஒருவர் திவாலானால் அந்த ஏற்பாடு செல்லாமல் போகலாம். உரிமையை விட்ட நாளிலிருந்துதான் கணக்கு என்று வங்கி வாதிடும். மூத்தவன் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறானா என்று உடனே கேளுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு செய்தால், கடனிலிருந்து தப்பச் செய்ததாகத்தான் தெரியும்.

தவணையில் பாக்கி இல்லையென்றால் என் யோசனை இது. சேமிப்புப் பணத்தை மட்டும் ரத்து செய்ய முடியாதபடி இளையவனுக்கு ஒதுக்குங்கள். கடைவீட்டுக்கு, நம்பிக்கையான ஒருவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தால்தான் ரத்து என்று மாற்றுங்கள். உங்கள் தம்பியோ பழைய தோழியோ இருக்கலாம். மூத்தவனோ அவன் மனைவியோ கூடாது. "நான் மட்டும் முடிவு பண்ண முடியாதுப்பா" என்று சொல்ல உங்களுக்கு நிஜமான காரணம் கிடைக்கும்.

காப்புறுதி இருந்தால் அதையும் பாருங்கள். மகனை நாமினியாகப் போட்டிருந்தால் 2013 நிதிச் சேவைகள் சட்டப்படி அதுவே ஒரு டிரஸ்ட். டிரஸ்டி யாரென்று குறிப்பிடாவிட்டால், வயது வந்த நாமினியே டிரஸ்டி. அது மூத்தவன் என்றால், அவன் எழுதிக் கொடுக்காமல் இளையவன் பெயருக்கு மாற்ற முடியாது.

பத்திரம், கேரண்டர் கடிதம், பாலிசி மூன்றையும் எடுத்துக்கொண்டு, நிறுவனம் காட்டுபவரை விட்டு நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். மூத்தவனைக் கார் ஓட்டக்கூட அழைத்துப் போக வேண்டாம்.