சூலு மணிக்கடிதமும் மசாய் அட்டிகையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டர்பனில் வாழும் என் நாத்தனார், சூலு பெண்கள் கோத்த சிறிய மணிப்பதக்கம் ஒன்றை அனுப்பியிருந்தார். வெள்ளை என்றால் தூய்மை, சிவப்பு என்றால் காதல், கறுப்பு என்றால் திருமணம் என்று உடன்வந்த அட்டையில் அச்சிட்டிருக்கிறது. இதை அப்படியே நம்பலாமா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: அட்டையில் இருப்பது பொய்யன்று, ஆனால் பாதிதான். தங்களிடம் இருப்பது 'காதல் கடிதம்' என்று தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள் வழங்கும் வகையைச் சேர்ந்தது. மணமாகாத பெண் தானே மணிகளைக் கோத்துத் தன் மனத்துக்கு உகந்தவனுக்குக் கொடுப்பாள். அவன் அதை ஊரறிய அணிந்துகொள்வான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிய அவன் தன் அக்கா தங்கையரிடம் போய்க் கேட்பதும் உண்டு, ஏனெனில் கோப்பதும் படிப்பதும் பெண்கள் வசமிருந்த கலை.

வெள்ளைக்கு மட்டுமே எப்போதும் நல்ல பொருள். மற்ற நிறங்களுக்கு இரு முகங்கள்: சிவப்பு வேட்கையையும் சினத்தையும் குறிக்கும், மஞ்சள் செல்வத்தையும் வாட்டத்தையும் குறிக்கும், கறுப்பு மணவாழ்வையும் துயரத்தையும் குறிக்கும். எது பொருந்தும் என்பதைப் பக்கத்தில் கோத்திருக்கும் நிறமும், வடிவமும், கோத்தவள் எந்த ஊர்ப்பெண் என்பதுமே முடிவு செய்கின்றன. கறுப்பு மங்கலத்துக்கு ஆகாது என்று சொல்லும் நம் ஊரிலேயே கருகமணி மணமானவளின் கழுத்தில் மங்கலமாகிவிடுவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சூலு மக்கள் வாழும் மசிங்கா வட்டாரத்தில் நிறங்களைத் தனித்தனியாக அன்றி, பெயரிட்ட தொகுதிகளாகவே கையாண்டனர். 'இசிஷுன்கா' என்னும் தொகுதியில் ஏழு நிறங்கள். தங்கள் பதக்கத்தில் முக்கோணங்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். தனி முக்கோணத்தின் முனை எப்பக்கம் நோக்குகிறது என்பது மணமாகாத ஆணா பெண்ணா என்பதைக் குறிக்கும் என்பர்; இரு முக்கோணங்கள் அடிப்பக்கம் சேர்ந்து சாய்சதுரமானால் அவள் மணமானவள். கடைக்கென்று ஒரே அச்சில் பலநூறாகக் கோக்கப்பட்டதில் இத்தனையும் தேடுவது வீண். ஆயினும் அதைக் கோத்த கையின் நேர்த்தி உண்மையானது. அதற்காகவே அதைப் போற்றலாம்.

கேள்வி: கண்ணாடி மணிகள் ஐரோப்பியர் கொண்டுபோனவை, ஆகவே ஆப்பிரிக்க மணிக்கோவை பழங்கலை ஆகாது என்கிறார் என் நண்பர். சரியா?
(வாசகர், கூடலூர்)

பதில்: வெனிஸ், பொஹீமியா மணிகள் 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமாகச் சென்று இறங்கியது உண்மை. ஆனால் கதையை அங்கே தொடங்குவது பெரும்பிழை. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் கிடைத்த துளையிட்ட சிறு சிப்பிகள் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் பழமையானவை. கயிறு உராய்ந்த தேய்மானம்கூட அவற்றில் தெரிகிறது. தீக்கோழி முட்டை ஓட்டை வட்டமாகத் தேய்த்து மணியாக்கும் கலையும் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம்.

கண்ணாடி மணியிலும் நமக்கு நெருங்கிய உறவு உண்டு. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, கடுகளவாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கும் முறை புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. அவ்வழியில் வந்த இந்திய மணிகள் இந்துமாக் கடலைக் கடந்து தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ ஆற்றங்கரை வரை போயின. அங்கே 13-ஆம் நூற்றாண்டில் தலைநகராக விளங்கிய மாப்புங்குப்வேயின் கல்லறைகளில் கண்ணாடி மணிகள் குவியலாகக் கிடைத்தன. அதற்குச் சற்று முந்திய பக்கத்துக் குடியிருப்பில், வந்த சிறுமணிகளை உருக்கி, களிமண் அச்சில் வார்த்துப் பெருமணிகளாக்கியிருக்கிறார்கள். வந்ததை அப்படியே கோத்தவர்கள் அல்லர் அவர்கள், தம் விருப்பப்படி மாற்றியவர்கள். கானாவின் குரோபோ மக்கள் இன்றும் உடைந்த புட்டிகளைப் பொடியாக்கி அச்சில் இட்டு, துளைக்காக மரவள்ளி இலைக்காம்பைச் செருகிச் சூளையில் வேகவைக்கிறார்கள். காம்பு எரிந்து துளை நிற்கும். இதைவிட எளிய, அழகிய உத்தியை நான் அறியேன்.

நம் நீலகிரியின் பழங்கால ஈமக் கற்குவைகளை 1870-களின் தொடக்கத்தில் தோண்டிய நீலகிரி ஆணையர் பிரீக்ஸுக்கும் மணிகள் கிடைத்தன என்பதைத் தங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். கடலிலிருந்து இத்தனை உயரத்தில் வாழ்ந்தவர்களும் மணியை மதித்தே புதைத்தார்கள்.

கேள்வி: கென்யாவின் கெரிச்சோவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா கொண்டுவந்த மசாய் அட்டிகை எங்கள் வீட்டில் இருக்கிறது. தட்டுப்போல் விறைப்பாக இருக்கும் இதை எப்படிச் செய்கிறார்கள்? மழைக்காலத்தில் எப்படிக் காப்பது?
(வாசகி, குன்னூர்)

பதில்: மெல்லிய கம்பியில் மணிகளைக் கோத்து, ஒன்றன் வெளியே ஒன்றாக வளையங்கள் இடுவார்கள்; வளையங்கள் விலகாதபடி குறுக்கே துளையிட்ட மாட்டுத்தோல் வார்களை வைத்து இணைப்பார்கள். இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டையும் வருகிறது. இது முழுக்கப் பெண்கள் வேலை. மசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள்; ஆகவே நிறங்கள் பெரும்பாலும் மாட்டையும் மழையையும் சுற்றியவை: வெள்ளை பால், நீலம் வானம், பச்சை புல், சிவப்பு குருதியும் வீரமும்.

குன்னூர் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும், கம்பி துருப்பிடிக்கும். ஆகவே தண்ணீர், சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையே போதும். ஆணியில் தொங்கவிடாமல், கஞ்சி போடாத பழைய பருத்தித் துணியில் சுற்றித் தட்டையாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் நிழலில் பிரித்துக் காற்றாட விடுங்கள். மணிகள் உதிர்ந்தால் தாங்களே கோக்க முயலாமல், எந்த வளையத்தில் எந்த இடத்திலிருந்து உதிர்ந்தவை என்று எழுதி, ஒரு சிறு துணிப்பையில் அட்டிகையோடு சேர்த்து வையுங்கள்.