கேள்வி – பதில்: இது என்ன விறகு?

எங்கள் சாலையோர மரங்களை வெட்டியவர்கள் கட்டைகளை வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். இலை ஒன்றுகூட இல்லை. என்ன மரம், பொங்கலுக்கு எரிக்கலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பட்டையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரே மரத்தில் அடிமரப் பட்டை வெடித்துக் கிடக்கும், கிளையின் பட்டை வழவழவென்றிருக்கும். முனைதான் சரியாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் வெயிலில் கறுத்த பழைய முனையல்ல. ரம்பத்தால் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள். புது முகத்தைக் கூரான கத்தியால் கட்டைவிரல் அகலத்துக்கு வழித்து, ஈரத்துணியால் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பாருங்கள். வழிக்காமல் பார்த்தால் ரம்பப் பல்லின் கீறல்தான் தெரியும், மரத்தின் துளைகள் தெரியாது.

பினாங்கு சாலையோரம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை அங்சானாவும் தூங்குமூஞ்சியும். அங்சானா, தமிழ்நாட்டு வேங்கைக்கு நெருங்கிய உறவு. பச்சைக் கட்டையின் பட்டையில் வெட்டிய இடத்தில் சிவப்புப் பிசின் கசிந்து உறைந்திருக்கும். காய்ந்த கட்டைக்கு வேறு சோதனை உண்டு. நடுவிலுள்ள வைரப் பகுதியில் ஒரு பிடி சிராய் சீவி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஊறவையுங்கள். பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து வெயிலில் பார்த்தால் தண்ணீரில் நீலச் சாயல் மின்னும். ஓரத்து வெள்ளை மரத்தைச் சீவிப் போட்டுவிட்டு 'ஒன்றும் தெரியவில்லையே' என்பவர்கள் அதிகம்.

தூங்குமூஞ்சியில் வைரம் கரும்பழுப்பு, ஓரம் மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டுக்கும் நடுவே எல்லை பளிச்சென்று தெரியும். இழை ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் கோடரி பாய்ந்து மாட்டிக்கொள்ளும். பச்சையாக இருக்கும்போதே குட்டையாக அறுத்து, ஓரத்திலிருந்து செதில் செதிலாகப் பிளந்துவிடுங்கள். இரண்டையுமே நன்றாகக் காயவைத்துப் பொங்கல் அடுப்பில் வைக்கலாம்.

மணம் கடைசிச் சாட்சி மட்டுமே. அறுத்த கையோடு முகர வேண்டும். புளித்த வாடை மரத்தைவிடப் பூஞ்சையைத்தான் பெரும்பாலும் காட்டும்.

டுசுனில் (பழத்தோட்டத்தில்) வெட்டிய டுரியான், ரம்புத்தான், மாங்கட்டைகளோடு ஒரு கட்டையில் மட்டும் கறுப்புக் கறை வடிந்திருக்கிறது. சேர்த்து எரிக்கலாமா?
— வாசகர், பாலிக் புலாவ்

வேண்டாம், முகர்ந்தும் பார்க்காதீர்கள். அது ரெங்காஸ் என்னும் நச்சுப்பால் மரமாக இருக்கக்கூடும். அதன் பால் காற்றுப்பட்டதும் கறுத்து, பட்டையிலும் முனையிலும் மைக்கறை போல நிற்கும். வைரம் சிவப்பு, நடுநடுவே கருங்கோடுகள். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். எரித்தாலும் தப்பில்லை என்று நினைக்க முடியாது, புகையே கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். கோடரிப் பிடி, கையுறை, சட்டை எல்லாவற்றையும் கழுவுங்கள்; அரிப்பு மறுபடி வருவது பெரும்பாலும் அவற்றிலிருந்துதான். முகம் வீங்கினால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

மாமரமும் இதே குடும்பம். பச்சை மாங்கட்டை டர்பன்டைன் வாடை அடிக்கும், அதன் பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. காய்ந்தபின் எரிக்கலாம்.

பாக்காவ் (சதுப்புநிலக் காட்டு மரம்) என்று சொல்லி ஒரு லோரி விறகு விற்றார்கள். பால்மரமாக (ரப்பர் மரமாக) இருக்குமோ என்று சந்தேகம்.
— வாசகர், பட்டர்வொர்த்

தராசு சொல்லிவிடும். காய்ந்த கட்டையில் 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு அறுத்து நிறுங்கள். பால்மரம் ஏறக்குறைய 140 முதல் 160 கிராம் வரும். பாக்காவ் 200 கிராமைத் தாண்டும். ஈரக் கட்டையை நிறுத்தால் பால்மரமும் பாக்காவ் வேடம் போடும்.

எனவே அதே துண்டை 105 பாகை செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலைவரை காயவிடுங்கள். 190 கிராம் 150 ஆனால், குறைந்த 40-ஐ 150-ஆல் வகுக்க ஈரம் கிட்டத்தட்ட 27 விழுக்காடு. விறகுக்கு 20-க்குக் கீழே வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அது எந்த மரமானாலும் புகைதான்.

கண்ணுக்கும் அடையாளம் உண்டு. பாக்காவின் உட்பட்டை செந்நிறம், மரம் செம்பழுப்பு. பால்மரம் வெளிறிய மஞ்சள். மழையில் கிடந்தால் சீக்கிரமே நீலக்கறுப்புத் திட்டு விழும். அடிமரமாக இருந்தால் பட்டையில் பால் சீவிய சாய்ந்த தழும்பு இருக்கும், அதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை. பால்மரமும் நல்ல விறகுதான். பாக்காவ் விலை கொடுத்து வாங்கியதுதான் உங்கள் வழக்கு.

தொழிற்சாலை பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகைகளை எரிக்கலாமா?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது. எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இல்லாவிட்டால் எரிக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெதில் புரோமைடு வாயு அடித்தது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாதது, சாயம் பூசியது, பசை போட்டு ஒட்டியது எதுவும் வேண்டாம். பச்சை சாயல் ஏறிய பழைய வேலிக் கட்டையில் ஆர்செனிக் இருக்கலாம். அது சாம்பலிலும் தங்கிவிடும். கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டிவிடாதீர்கள்.