கேளுங்கள், சொல்கிறோம்: உந்தம், ஆற்றல், ஒளிமின் விளைவு

கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்தால் வலி குறைகிறதே, உந்தம் குறைந்துவிடுவதாலா?
– பத்தாம் வகுப்பு மாணவர், கரூர்

இல்லை. எப்படிப் பிடித்தாலும் பந்து நிற்கத்தான் போகிறது. கைக்கு வந்து சேரும் உந்தமும் (நிறை × வேகம்) அதேதான். 160 கிராம் பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 4.8 கிலோகிராம் மீட்டர்/நொடி, இயக்க ஆற்றல் 72 ஜூல். கையை விறைப்பாக வைத்து 5 செ.மீ.க்குள் நிறுத்தினால், 72-ஐ 0.05-ஆல் வகுக்கக் கிடைக்கும் சராசரி விசை 1,440 நியூட்டன். 30 செ.மீ. இழுத்தால் 240 தான்.

உந்தத்தை வைத்துப் போட்டாலும் இதே விடைதான். சராசரி வேகம் 15 என்பதால் 30 செ.மீ. கடக்க 0.02 நொடி, 4.8-ஐ 0.02-ஆல் வகுத்தால் 240. கணக்கில் நேரம் 0.1 நொடி என்று கொடுத்திருந்தால் விடையைப் போட்டு மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். அதன்படி கை ஒன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டும்!

துத்தநாகத் தகட்டைத் தங்க இலை மின்காட்டியின் மேல் வைத்து, பெரிய டார்ச் அடித்துப் பார்த்தோம், ட்யூப்லைட்டையும் காட்டினோம். இலை அசையவே இல்லை. தப்பு எங்கே?
– இயற்பியல் ஆசிரியை, தேனி

தப்பு விளக்கில். நீங்கள் பார்க்க நினைத்தது ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது. எதிர்மின்னூட்டம் ஏற்றிய மின்காட்டியில் விரிந்து நிற்கும் இலை, எலக்ட்ரான்கள் வெளியேற வெளியேற இறங்க வேண்டும். அலைநீளத்தை நானோமீட்டரில் எழுதி 1,240-ஐ அதனால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற சிறு அலகில் கிடைக்கும். துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், ஏறக்குறைய 4.3. அப்படியானால் 288 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊதா முனையில்கூட (400) 3.1 தான் தேறும். டார்ச்சைப் பெரிதாக்கினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடாது. ஒரு ஃபோட்டானின் பற்றாக்குறையை அடுத்தது வந்து ஈடுகட்டுவதும் இல்லை. ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் 254 நானோமீட்டர் கதிரை வெளியிடுவது உண்மைதான். உள்ளே பூசிய வெள்ளைப் பொடியும் கண்ணாடியும் அதை வெளியே விடுவதில்லை.

வாட்டர் ப்யூரிஃபையரில் கிருமி கொல்லப் போடும் 254 நானோமீட்டர் குழாய் விளக்கு போதும். முதலில் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து உடனே பயன்படுத்துங்கள். ஆக்சைடு படிந்தால் வேலை கெடும். கம்பளியில் தேய்த்த எபோனைட் தண்டால் தகட்டைத் தொட்டு எதிர்மின்னூட்டம் கொடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: தண்டைத் தொடாமல் அருகில் பிடித்து, தகட்டை விரலால் தொட்டு எடுத்தால் நேர்மின்னூட்டம் ஏறிவிடும். அப்போது வெளியே வரும் எலக்ட்ரானைத் தகடே திரும்ப இழுத்துக்கொள்ளும், இலை இறங்காது.

விளக்கைப் போடும் முன் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். அப்போதே இலை இறங்கினால் ஈரப்பதத்தால் மின்னூட்டம் கசிகிறது. மின்காப்புப் பகுதியை ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். பிறகு விளக்கைப் போட்டு, நடுவே சாதாரணக் கண்ணாடித் துண்டை நுழைத்தால் இலை நிற்கும், எடுத்தால் மறுபடி இறங்கும். இந்தக் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். விளக்கைப் பெட்டிக்குள் வைத்து, தகட்டை நோக்கி மட்டும் திறப்பு விடுங்கள்.

ஐன்ஸ்டைனுக்கு நோபல் கிடைத்தது சார்பியலுக்குத்தானே?
– வாசகர், மதுரை

இல்லை. 1921-க்கான பரிசு, 1905-இல் அவர் விளக்கிய ஒளிமின் விளைவு விதியைக் குறிப்பிட்டே தரப்பட்டது.

நிறையே இல்லாத ஃபோட்டானுக்கு உந்தம் உண்டு என்கிறார்கள். ஒளிமின் விளைவில் அது எலக்ட்ரானுக்குப் போகிறதா?
– பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

நல்ல கேள்வி, பாடத்தில் ஆற்றல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஃபோட்டானின் உந்தம், அதன் ஆற்றலை ஒளிவேகத்தால் வகுத்த ஈவு. 3.1 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானை, தனியாக நிற்கும் ஓர் எலக்ட்ரான் முழுக்க விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றலோடு ஓட எலக்ட்ரானுக்குத் தேவையான உந்தம், ஃபோட்டான் கொண்டுவந்ததைப் போல் சுமார் 570 மடங்கு! கணக்கு இடிக்கிறது. அதனால் தனி எலக்ட்ரான் ஃபோட்டானை முழுதாக விழுங்கவே முடியாது.

உலோகத்துக்குள் எலக்ட்ரான் தனியாக இல்லை. அணுக்களின் அடுக்கோடு பிணைந்திருக்கிறது. எலக்ட்ரான் ஒரு பக்கம் பாய, அடுக்கு எதிர்ப்பக்கம் உந்தத்தை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானோடு ஒப்பிட்டால் அடுக்கின் நிறை மலை மாதிரி. அதனால் அவ்வளவு உந்தத்தை வாங்கியும் அதற்குப் போகும் ஆற்றல் புறக்கணிக்கத்தக்கது. ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் (ஃபோட்டானின் ஆற்றல் = வெளியேற்று ஆற்றல் + எலக்ட்ரானின் அதிகபட்ச இயக்க ஆற்றல்) அடுக்குக்கென்று தனி உறுப்பு இல்லாததும் இதனால்தான்.