பேச்சைக் கேட்ட மறுநாள் என்ன செய்வது? கேள்வி பதில்

விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12-ஐ 1985 முதல் தேசிய இளைஞர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதையொட்டி கோபி வட்டாரத்துப் பள்ளிகள் சில சேர்ந்து நடத்திய இளைஞர் தலைமைப்பண்பு நாளில் இந்த முறை மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் கைமடிக்கும் பையனாக, அதாவது தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, இன்று சொந்தமாக யூனிட் நடத்துபவர். இன்னொருவர் சக்கர நாற்காலியில் வந்த விளையாட்டு வீராங்கனை. மூன்றாமவர் சத்தியமங்கலம் பக்கம் இயற்கை விவசாயம் செய்யும் இளைஞர். கேட்ட பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் பிறகு எனக்குக் கேள்வி அனுப்பியிருந்தார்கள்.

அரசுப் பள்ளியில் 18 ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒவ்வொரு முறையும் கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து, 'அன்னிக்குக் கேட்டதுல இன்னிக்கு என்ன மிச்சம்?' என்று பிள்ளைகளிடம் ஒரு தாளில் எழுதி வாங்குவேன். அந்தத் தாள்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெருந்துறை, பிளஸ் டூ மாணவி: சார், அந்த அக்கா பேசினப்ப அழுதுட்டேன். வீட்டுக்கு வந்ததும் டைம்டேபிள் போட்டேன். அஞ்சாவது நாள் பழையபடி ஆயிட்டேன். எனக்கு மன உறுதி இல்லையா?

அப்படி நினைக்காதே கண்ணு. உனக்கு மட்டும் நடப்பதல்ல இது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறந்து போகிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே போய்விடுகிறது, அதற்குப் பிறகு மறதி மெதுவாகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்று கண்டார். ஒரு மணி நேரப் பேச்சை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அது ஆயுசுக்கும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. கெட்டித் தரையில் பெய்த மழை ஓடித்தான் போகும்.

கூட்டம் முடிந்த அன்று இரவே மூன்று வரி எழுது. முதல் வரியில் பேசியவர் சொன்னதை எழுதாதே, அவர் செய்த ஒரு காரியத்தை எழுது. இரண்டாவது வரியில், அதில் உன் கைக்கு எட்டுவது எது என்று எழுது. மூன்றாவது வரியில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் அதைச் செய்யப் போகிறாய் என்று எழுது. மறுநாள் அதை எடுத்துப் படி, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை படி.

என்னிடம் வந்த தாள்களில், 'தன்னம்பிக்கை வேணும்னு சொன்னார்' என்று எழுதிய பிள்ளைகளிடம் அதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. ஒரு பெண் மட்டும், பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் தினமும் ராத்திரி நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதினாராம் என்பதைப் பிடித்துக்கொண்டாள். அவளும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இயற்பியலில் அன்றன்று புரியாததை எழுதி வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் ஆசிரியரிடம் கொண்டுபோய் நின்றாள். பேசியவர் இயற்பியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எடுத்துக்கொண்டது அந்த நோட்டை.

நீ போட்ட டைம்டேபிளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? நான்கு, ஐந்து மணி நேரம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு இருபது நிமிடத்துக்குப் புதிதாக ஒன்று போடு.

பல்லடம், பாலிடெக்னிக் முதலாண்டு மாணவர்: அந்த கம்பெனி ஓனர் எட்டாவதோட நின்னவர். ஜி.டி.நாயுடு பெருசாப் படிக்கல. முருகானந்தம் சார் பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவர். அப்பறம் நான் எதுக்குங்க டிப்ளமோ படிச்சுட்டு இருக்கேன்?

ஒவ்வொரு ஆண்டும் வரும் கேள்வி இது. பேசியவர்கள் விட்டுச் செல்லும் பாடங்களில் எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோவையில் பல கருவிகளைக் கண்டுபிடித்த ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பை விட்டவர் என்பது உண்மை. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்து, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். ஆனால் கையில் காசு வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1945-ல் அவர் முயற்சியால் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அதுதான் இன்று கோவை தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நாம் ஜி.சி.டி. என்று சொல்வது. பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்து, தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை பி.இ. முடித்தது அந்தக் கல்லூரியில்தான். 2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய சந்திரயான்-1-க்குத் திட்ட இயக்குநர் அவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர் தொடங்கியது, நிலாவுக்குக் கலம் அனுப்பியவர் படிக்கும் கல்லூரியாக நின்றது. படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் செய்கிற காரியமா இது?

குறைந்த விலையில் பெண்களுக்கான நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய அருணாச்சலம் முருகானந்தத்தை எடுத்துக்கொள். அப்பா இறந்த பிறகு குடும்பக் கஷ்டத்தில் பதினாலு வயதில் பள்ளியை விட்டார். படிப்பு பிடிக்காமல் விட்டதல்ல. நாப்கினுக்குள் இருப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டும் அவருக்குப் படிப்புத்தான், பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத படிப்பு. 2016-ல் வந்த பத்மஸ்ரீயைப் பார்க்கிற கண்ணுக்கு அந்த இரண்டு ஆண்டும் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மைக் ஜெயித்தவர் கைக்குத்தான் போகிறது. அதே எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டு, அதே போல விடிய விடிய நைட் ஷிப்ட் பார்த்து, இருபது ஆண்டு கழித்தும் அதே பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரை நாம் யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. பல்லடத்தில் உன் வீதியிலேயே நாலு பேர் இருப்பார்கள், உன் அப்பாவோ மாமாவோகூட அதில் ஒருவராக இருக்கலாம். அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, 'படிச்சிருந்தா என்ன மாறியிருக்கும்?' என்று கேள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு டிப்ளமோவைப் பற்றி முடிவு செய்.

காங்கேயம், ஒரு தாய்: வணக்கமுங்க. எம் பையன் ஒம்பதாவது படிக்கிறானுங்க. கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து, 'தோட்டத்துல என்ன இருக்குது, நான் ஐ.ஏ.எஸ். ஆகப்போறேன்'னு சொல்றானுங்க. ஆசையக் கெடுக்க மனசில்லீங்க, நம்பவும் பயமா இருக்குதுங்க.

கெடுக்காதீங்க அம்மணி, நம்பிப் பயப்படவும் வேண்டாம். அந்தத் தேர்வை எழுத 21 வயது ஆக வேண்டும், ஒரு பட்டமும் வேண்டும். இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது. அதற்குள் அவன் ஆசை நாலு தடவை மாறலாம், மாறாமலும் நிற்கலாம். இப்போதைக்குத் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செய்தித்தாளில் ஒரு பக்கத்தை உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்க. புரியாததை நீங்கள் கேளுங்க, அவன் விளக்கட்டும். கலெக்டராகாமல் போனாலும் அது வீண் போகாது.

'தோட்டத்துல என்ன இருக்குது' என்பதை மட்டும் சும்மா விடாதீங்க. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்க. நூறு வயதைத் தாண்டியும் காட்டில் இறங்கி இயற்கை விவசாயம் செய்தவர், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஒரு மேடைப் பேச்சு பிள்ளைக்குப் பெரிய கனவைக் கொடுக்கலாம். பெற்றவர்களின் பொழப்பைக் கேவலமாக நினைக்க வைத்தால், அந்தப் பேச்சில் ஏதோ கோளாறு.

அந்தியூர், பத்தாம் வகுப்பு மாணவி: எனக்கு நாலு பேர் முன்னாடி நின்னாலே வாய் வராது சார். நானெல்லாம் தலைவராக முடியுமா?

முடியும் தங்கம். மேடையில் பேசுபவர்தான் தலைவர் என்ற எண்ணம் இந்த மாதிரிக் கூட்டங்களாலேயே வந்துவிடுகிறது. அதற்கு எங்களைப் போன்ற ஏற்பாட்டாளர்களும் பொறுப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் உன்னைப் போலவே பேசாத ஒரு பெண் இருந்தாள். அவள் ஊர் பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர். சாயங்கால டவுன் பஸ் 4.05-க்குப் போய்விடும், பள்ளி விடுவது 4.20. அடுத்த பஸ் ஆறு மணிக்கு மேல். பிள்ளைகள் கரும்புக்காட்டு ஓரமாக நடந்தே போவார்கள். அந்த ஆண்டு பேச வந்த பெண் கவுன்சிலர் ஒருவர், தன் வார்டில் தெருவிளக்கு எத்தனை ராத்திரி எரியவில்லை என்று எண்ணி எழுதிக் காட்டித்தான் விளக்குப் போட வைத்தேன் என்று ஒரே ஒரு நிமிடம் சொன்னார். மற்றவர்கள் கைதட்டிவிட்டு மறந்தார்கள். இவள் மறுநாளே ஒரு நோட்டு போட்டாள். தேதி, பஸ் போன நேரம், அன்று நடந்தே போன பிள்ளைகள் எத்தனை பேர், இவ்வளவுதான் அதில் இருக்கும். மூன்று வாரம் எழுதினாள்.

ஈரோட்டில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனபோது பேசியது வேறொரு பெண். இவள் பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அதிகாரி அந்த நோட்டைத்தான் வாங்கிப் புரட்டினார். அங்கே தலைவர் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உடுமலை, ஓர் ஆசிரியை: அடுத்த வருஷம் எங்க பள்ளியில நடத்தலாம்னு இருக்கோம். யாரைக் கூப்பிடறது?

டீச்சர், பெரிய பெயரைத் தேடாதீங்க. பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஆளைக் கூப்பிடுங்க. இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பேச்சு வேண்டாம், அதே அளவு நேரம் கேள்விக்கு விடுங்க. துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் கூச்சப்படுகிற பிள்ளையும் கேட்கும். பேச வருபவரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்ளுங்க: 'உங்களுக்குக் கவிழ்ந்து போன ஒரு காரியத்தையும், அதுக்கு மறுநாள் காலைல எழுந்து என்ன பண்ணீங்கன்னும் சொல்லுங்க.' என் தாள்களில் அதிகம் மிஞ்சியது இந்த 'மறுநாள் காலை'தான்.

ஒரு வேண்டுகோள். அம்மா அப்பா படும் கஷ்டத்தை இசை போட்டுச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பிள்ளைகளைக் கதறி அழ வைக்கும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் அப்படி நடந்தது. அந்த மாதம்தான் அப்பாவை இழந்திருந்த ஒரு பையன் எழுந்து வெளியே போய்ச் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். அவனை நான் தேடிப் போனபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்துக்காக இன்றும் வருந்துகிறேன். அழுதால் மாறிவிடுவார்கள் என்பதற்கு என் தாள்களில் ஓர் ஆதாரமும் இல்லை.

நாமக்கல், கல்லூரி மாணவர்: பேசினவர் கலாம் சொன்னதுன்னு அஞ்சாறு பொன்மொழி சொன்னார். தேடிப் பார்த்தா பாதி எங்கயும் கிடைக்கலை.

தேடினாய் பார், அதற்கே பாராட்டு. பொன்மொழியை விட்டு நிகழ்ச்சியைப் பிடி. 1979 ஆகஸ்ட் 10-ல் கலாம் தலைமையில் ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் போய் நின்று பொறுப்பேற்றவர் அவருடைய மேலதிகாரி சதீஷ் தவன். 1980 ஜூலை 18-ல் வெற்றி பெற்றபோது பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தலைமை என்றால் என்ன என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேச இது போதும்.

தாளவாடி, பிளஸ் ஒன் மாணவர்: எல்லாரும் உழைச்சா முன்னேறலாம்னு சொல்றாங்க. எங்கப்பாம்மா உழைக்கற உழைப்புக்கு நாங்க எங்கயோ இருக்கணுமே சார்?

நியாயமான கேள்வி சாமி. உழைப்பு ஒன்றே போதும் என்று சொல்பவர் பாதியைத்தான் சொல்கிறார்.

சின்னப்பம்பட்டி நடராஜன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், 2020 டிசம்பர் 2-லிருந்து 2021 ஜனவரி 15-க்குள் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். எல்லோரும் அவர் உழைப்பைச் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் அவர் சட்டையில் ஒரு காலத்தில் 'ஜேபி நட்டு' என்று எழுதியிருந்தது. ஜேபி என்பவர் அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போய்க் கைதூக்கிவிட்ட அதே ஊர் அண்ணன். அடுத்த முறை யார் பேசினாலும் எழுந்து நின்று, 'உங்களுக்கு யாருங்க உதவினாங்க, அவங்ககிட்ட எப்படிப் போய்ச் சேர்ந்தீங்க?' என்று கேள். உதவித்தொகை, விடுதி, பயிற்சியாளர், வாத்தியார் வீட்டுச் சாப்பாடு என்று அப்போதுதான் வரும். அது உனக்குப் பயன்படும். உன் அப்பா அம்மா உழைப்பில் குறையில்லை. உன் ஊருக்கு வந்து சேர வேண்டியது வந்து சேரவில்லை. அதைச் சத்தமாகக் கேட்கவும் கற்றுக்கொள்.

அந்தியூர் மாணவி மறுபடியும்: சார், அந்த பஸ் வந்துச்சா?

வந்தது தங்கம். ஆனால் மனு கொடுத்து மூன்று மாதம் ஒரு பதிலும் இல்லை. கூடப் போன பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள், அவள் நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. நான்காவது மாதம் இரண்டாவது மனு கொடுத்தோம். அதற்குப் பிறகு டிப்போவிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு நாள் பள்ளி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நேரம் 4.35-க்கு மாறியது. அவள் நர்சிங் முடித்து வேலைக்குப் போய்விட்டாள். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஆண்டும் வாசல் மேசையில் வைத்திருந்தேன், பச்சை அட்டை போட்டது. நீ பார்க்காமல் போயிருந்தால் அடுத்த முறை எடுத்துப் புரட்டிப் பார்.